ஒன்பதாவது விரல்

ரயில், கதவு, உப்பு, கிளி, சட்டை, ஏணி, பானை, மாம்பழம், நூல், செருப்பு. பத்து வார்த்தை, பத்து விரல், கணக்கு சரியாப் போச்சு. ஆராய்ச்சி பண்ற பொண்ணு நிலோஃபர் ஒவ்வொண்ணா வாசிக்க வாசிக்க நான் மேசைக்கு அடியில ஒவ்வொரு விரலா மடக்கிக்கிட்டே வந்தேன். வலது கட்டைவிரல்ல ரயில், அங்கேருந்து வரிசையா வந்து இடது சுண்டுவிரல்ல செருப்பு. இப்பத் திருப்பிச் சொல்லுங்க மேடம்னுச்சு. மூச்சு விடாம ஒப்பிச்சேன், பத்தும். அது முகத்துல சின்னதா ஒரு பாராட்டு வரும்னு பாத்தேன், வரல. வரக்கூடாதாம், அதுவும் இந்த ஆராய்ச்சியில ஒரு விதியாம். சொல்லச் சொல்ல தாள்ல ஒவ்வொரு வார்த்தைக்கு நேரா டிக் அடிச்சுக்கிட்டே வந்துச்சு, முடிஞ்சதும் தாளைக் கவுத்து வச்சுட்டு, அவ்வளவுதான் மேடம், அடுத்தது வேற ஒண்ணுன்னு பேச்சை மாத்திருச்சு. மாத்தட்டும். எனக்குத் தெரியாதா இவங்க வேலை. முடிஞ்சுபோன மாதிரி காட்டிக்குவாங்க, படத்தைக் குடுத்து கோடு போடச் சொல்வாங்க, ஊர்க்கதை பேசுவாங்க, நம்ம புத்தி அந்தப் பக்கம் போனதும் மெதுவா வந்து கேப்பாங்க: முன்னாடி சில வார்த்தை சொன்னேனே, அதெல்லாம் ஞாபகம் இருக்கா. அங்கதான் எங்க அம்மா விழுந்துச்சு. நான் விழமாட்டேன். அரை மணியோ முக்கால் மணியோ, அதுவரைக்கும் இந்தப் பத்தையும் சிந்தாம வச்சிருக்கணும், வேற வேலை இல்ல எனக்கு. ரயில், கதவு, உப்பு, கிளி, சட்டை. ஏணி, பானை, மாம்பழம், நூல், செருப்பு. எல்லாம் இருக்கு.

இந்தப் பக்கத்துல நட்சத்திரம் மட்டும் அடிச்சுக்கிட்டே வாங்க மேடம், வட்டம் சதுரம் எதையும் தொடாதீங்க, நான் கொஞ்ச நேரத்துல வந்துர்றேன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு கதவைச் சாத்திட்டுப் போயிருச்சு. எங்க கடைக்கு வந்தா ஆன்ட்டி, இங்க மேடம். அறையில கடிகாரம் இல்ல. இருந்திருக்கு, சுவத்துல ஆணி இருக்கு, ஆணிக்குக் கீழ வட்டமா வெளுப்பு இருக்கு, கடிகாரத்தை மட்டும் கழட்டிட்டாங்க. என் வாட்ச்சையும் ஃபோனையும் வாங்கி நீலத் தட்டுல போட்டு வெளியவே வச்சிருச்சு. ஜன்னல் கண்ணாடியில கறுப்புத் தாள் ஒட்டியிருக்கு, அந்தப் பக்கம் யாராவது உக்காந்து என்னைப் பாக்கறாங்களா தெரியல. பாத்தா பாத்துட்டுப் போறாங்க. மேசைக்கு அடியில விரல் மடக்கறது தெரியாது. ஏசி சில்லுனு கழுத்துல இறங்குது, ஃபினாயில் வாசனை, எங்கயோ காரிடாருல பசங்க சிரிக்கிற சத்தம். இவங்க சிரிக்கிறது என்னைப் பாத்து இல்ல செண்பகவல்லி, நீ உன் வேலையைப் பாரு. இங்க வரச்சொல்லி யாரு உன்னைத் தாம்பாளம் வச்சு அழைச்சா. நிலோஃபர் எங்க மெடிக்கல் ஷாப்புக்கு ஜலதோஷ மாத்திரை வாங்க வந்த பொண்ணு, பல்கலைக்கழகத்துல சைக்காலஜியில ஆராய்ச்சி பண்ணுது. கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கலாமான்னு கேட்டுச்சு. அம்பது வயசு தாண்டின, நல்ல ஞாபகசக்தி உள்ள ஆளுங்க தேவை. எங்க முதலாளி சேவியர் தம்பி அதைப் படிச்சுட்டு, வேற எங்கம்மா தேடறே, இந்தா எங்க அக்கா, நடமாடும் கம்ப்யூட்டரு, மாத்திரை பேரைப் பாதி சொன்னாப் போதும், மீதியை அக்கா கை எடுத்துக் குடுத்துரும்னு ஆரம்பிச்சுருச்சு. நானும் ஈன்னு இளிச்சுக்கிட்டு நின்னேன். மறதி வந்தவங்களை வேற இடத்துல பாக்கறாங்க ஆன்ட்டி, அவங்களோட வச்சு ஒப்பிட நல்லா இருக்கிறவங்க வேணும்னுச்சு. நல்லா இருக்கிறவங்க. சிரிச்சுக்கிட்டே கேட்டேன், நான் நல்லா இல்லேன்னு தெரிஞ்சா என்னம்மா பண்ணுவீங்க. அந்த மாதிரி வந்தா அவங்க விவரத்தைச் சேத்துக்க மாட்டோம் ஆன்ட்டி, ரிசல்ட்டும் சொல்ல மாட்டோம், இது டெஸ்ட் இல்லையே, ஆராய்ச்சிதானேன்னு சாதாரணமாச் சொல்லிட்டு மாத்திரையை வாங்கிட்டுப் போயிருச்சு. சொல்ல மாட்டாங்களாம். சொல்லாட்டி என்ன, முகம்னு ஒண்ணு இருக்குல்ல, அதைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை.

ஏன்னா சேவியர் தம்பிக்குத் தெரியாது, போன மாசம் அந்த ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வந்து நின்னாரு, வழக்கமான மாத்திரைம்மான்னாரு, நான் எழுந்திரிச்சு அலமாரி முன்னாடி போயி கையைத் தூக்கினேன், கை அப்படியே நின்னுருச்சு. எந்தத் தட்டுன்னு தெரியல. வருஷக்கணக்கா குடுக்கிற மாத்திரை. டப்பா கலரு கூட வரல. அவரு பாவம் மழையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாரு. அப்புறம் பழைய சீட்டைக் குடுங்க சார், டோஸ் மாத்தியிருப்பாங்கன்னு ஒரு புளுகு புளுகி, சீட்டைப் பாத்து எடுத்துக் குடுத்தேன். அதுக்கு முன்னாடி ஒருநாள் வீட்டுல கரண்டி. கரண்டிங்கற வார்த்தை வரல, அந்தக் குழம்பு ஊத்தறதை எடுங்கன்னு என் வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். அவரு, அட, உனக்கு இனிமே ஊமைக் கூத்துதான்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அந்த மனுசனுக்கு எல்லாம் சிரிப்புதான். அவருகிட்ட இன்னைக்குக் கேஸ் ஆபீஸுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எல்லாருக்கும் வர்ற மறதிதான்னு சொல்லலாம். கரண்டி யாருக்குத்தான் மறக்கல. ஆனா எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு, இதே வயசு. என் பொண்ணு தேன்மொழிக்கு இது ஏழாம் மாசம். அவ ஓசூர்ல கம்பெனி வேலை, லீவு முடிஞ்சதும் புள்ளையை உங்கிட்ட விட்டுட்டுத்தான்மா போவேன், வேற யாரையும் நம்பமாட்டேன்னு வளைகாப்புல அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டா. மாத்திரையில மறந்தா சீட்டைப் பாத்துக்கலாம். அடுப்புல பால், தொட்டியில தண்ணி, தரையில தவழ்ற புள்ளை, இதுல எதை மறந்தாலும் எந்தச் சீட்டைப் பாக்கறது. அவகிட்ட என்னால முடியாதுடின்னு சொல்றதா, கண்ணை மூடிக்கிட்டுப் புள்ளையைக் கையில வாங்கறதா. அதுக்குத்தான் தெரியணும். அது பொறக்கறதுக்கு முந்தி எனக்குத் தெரிஞ்சாகணும்.

சரி, நட்சத்திரம். ஒரு நட்சத்திரம், வட்டம், சதுரம், வட்டம், ஒரு நட்சத்திரம். சின்னச் சின்னதா, தட்டுல எள்ளு கொட்டினாப்புல. அடிச்சுக்கிட்டே வர்றேன். அம்மாகிட்ட இருந்ததே நட்சத்திரம்தான். சொந்தத்துல யாருக்குக் குழந்தை பொறந்தாலும், யாருக்கு ஜாதகம் பாத்தாலும், அம்மாவுக்குத்தான் ஃபோன் வரும். ராஜாமணிக்கா, நம்ம கோவிந்தன் மூத்த பையன் என்ன நட்சத்திரம். அம்மா அரிசி களைஞ்சுக்கிட்டே, அவன் உத்திரட்டாதி, அவனுக்கு அடுத்தது ரேவதி, அதுக்கு அடுத்தது தங்கலேன்னு சொல்லும். பஞ்சாங்கம் பொய்க்கும், அம்மா பொய்க்காது. அப்புறம் ஒரு கல்யாணத்துல அம்மா என்னைப் பாத்து, ஏன்டி, நீ என்ன நட்சத்திரம்னுச்சு. நான் கிண்டல் பண்ணுதுன்னு நெனச்சு, நீங்க பெத்ததுதானே, நீங்களே சொல்லுங்கன்னேன். அது என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அந்தப் பார்வை இருக்கே, பஸ் ஸ்டாண்டுல போர்டு படிக்கத் தெரியாதவங்க நிப்பாங்களே, அப்படி. ஐயோ, நட்சத்திரத்தைப் பாத்து எங்கயோ போயிட்டேன், எல்லாம் இருக்கா, பாரு. ரயில், கதவு, உப்பு, கிளி, சட்டை. ஏணி, பானை, மாம்பழம். ம். மாம்பழம். செருப்பு. இல்ல. மாம்பழத்துக்கும் செருப்புக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. மோதிரவிரல். இடது மோதிரவிரல்ல ஒண்ணு மடக்கினேன், விரல் மடங்கி நிக்குது, உள்ள ஒண்ணுமில்ல. மாம்பழம், ம், செருப்பு. மெதுவா. பதறாத. பதறினா இருக்கறதும் ஓடிரும். முதல்லேருந்து வா, வேகமா வந்தா தானா வந்து விழும், மாம்பழம் செருப்பு, மாம்பழம் செருப்பு. வரல. பல்லு போன இடத்துல நாக்கு போயிப் போயி நிக்குமே, அந்த மாதிரி அங்கேயே போயி நிக்குது.

இப்பத்தானே சொன்னேன். அந்தப் பொண்ணு காதால கேட்டுச்சே, டிக் அடிச்சுச்சே. கவுத்து வச்ச தாள் அந்தா மேசை ஓரத்துல கெடக்கு. கையை நீட்டினா எட்டும். கறுப்புத் தாள் ஒட்டின ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆளு இருந்தா. இல்லாட்டியும்தான் என்ன, பாத்து எழுதி பாஸ் பண்ணினா யாரை ஏமாத்தறது, தேன்மொழியையா, இன்னும் பொறக்காத புள்ளையையா. பாக்கமாட்டேன். நானே எடுப்பேன். அது மெல்லிசா ஒண்ணு. மெல்லிசு, நீளம், அது நல்லாத் தெரியுது. சின்ன வார்த்தை, சொல்றதுக்குள்ள முடிஞ்சுரும். குச்சியா, கம்பியா. கயிறா. கயிறு கிட்டக்க வருது ஆனா கயிறு இல்ல. வீட்டுல எங்க இருக்கும். கடையில இருக்குமா. பூக்காரி கையில பாத்திருக்கேனா. தொண்டைக்குழி வரைக்கும் வந்து நின்னுக்கிட்டு வெளிய வரமாட்டேங்குது சனியன். கை சும்மா இருக்கமாட்டேங்குது, முந்தானை ஓரத்துல ஒண்ணு பிரிஞ்சு தொங்குது, அதைப் பிடிச்சு விரல்ல சுத்திக்கிட்டே இருக்கேன், சுத்தி இழுக்கறேன், இன்னும் நீளமா வருது, மறுபடி சுத்தறேன். புதுச் சேலை, அதுக்குள்ள பிரிஞ்சுருச்சு, இந்தக் கடைக்காரங்க எல்லாம் இப்படித்தான். விடு. சேலையா முக்கியம் இப்ப. வேற ஏதாவது நெனச்சா வந்துரும்னு சொல்வாங்க. நேராப் போயிப் பிடிச்சா ஓடிரும், பாக்காத மாதிரி இருந்தா பூனை மாதிரி மடியில வந்து உக்காந்துக்குமாம். சரி பாக்கல. நான் பாட்டுக்கு நட்சத்திரம் அடிக்கிறேன்.

அம்மாவுக்குக் கடைசியில விளக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. மத்தியானம் சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்திருக்கும், விளக்கு ஏத்தியாச்சான்னு கேக்கும். ஆச்சும்மா. கொஞ்ச நேரம் கழிச்சு, விளக்கு ஏத்தியாச்சா. ஏத்தியாச்சும்மா, சாப்பிடுங்க. எந்திரிச்சுப் போயி சாமி ரூம்ல திரியைத் தூண்டிட்டுத் தீக்குச்சியைத் தேடும். தீப்பெட்டியை எல்லாம் நான் பீரோவுக்கு மேல வச்சுட்டேன். கை எட்டாம நின்னுக்கிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழும், இருட்டிப் போச்சு, விளக்கு ஏத்தல, வீட்டுல விளக்கு ஏத்தலன்னு. வெளிய வெயிலு கொளுத்தும். ஒருநாள் எங்கிருந்தோ தீப்பெட்டியைக் கண்டுபிடிச்சு, அணைக்காத குச்சியைத் தரையில போட்டுட்டு வந்துருச்சு, பாய் ஓரம் கருகிருச்சு. அந்தப் பாயில பக்கத்துவீட்டுக் குழந்தை தூங்கிக்கிட்டிருந்தது. அதுக்கு ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகல, சும்மா இரு, அதை ஏன் இப்ப எடுக்கறே, ஒண்ணும் ஆகல. ஆனா அந்தக் கருகல் வாசனை இந்த ஏசிக்குள்ள எங்கிருந்து வருது. சரி, வரிசையைப் பாரு. ரயில், கதவு, உப்பு, கிளி, சட்டை. ஏணி, விளக்கு, மாம்பழம், ம், செருப்பு. மத்ததெல்லாம் அசையாம இருக்கு, அந்த ஒண்ணுதான். ஒன்பது இருக்கு. ஒன்பது போதாதா. பத்துக்கு ஒன்பதுன்னா பள்ளிக்கூடத்துல கைதட்டுவாங்க. அம்மா பத்துக்கு ஒண்ணு. அன்னைக்கு டாக்டர் சொன்ன வார்த்தையில அம்மா ஒரே ஒரு வார்த்தையைத்தான் திருப்பிச் சொல்லுச்சு. அது என்ன வார்த்தை. வேணாம். அதை எடுக்காத. அதை வெளிய எடுத்தா இதுல போயிக் கலந்துரும். அது அம்மாவோட வார்த்தை, அங்கேயே கெடக்கட்டும்.

பெரியாஸ்பத்திரி, பச்சைத் திரை, அம்மா மடியில கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான் பின்னாடி ஸ்டூல்ல. டாக்டர் நல்ல மனுசன்தான், மெதுவா வார்த்தையெல்லாம் சொன்னாரு, அப்புறம் சமையல் பத்திப் பேசினாரு, அப்புறம் கேட்டாரு. அம்மா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுச்சு. வேறம்மா. மறுபடி அதையே. இன்னைக்கு என்ன கிழமைம்மா. அதையே. உங்க பொண்ணு பேரு என்ன. கொஞ்சம் யோசிச்சுட்டு, பரீட்சையில விடை தெரிஞ்ச பிள்ளை மாதிரி நிமிந்து உக்காந்து, மறுபடியும் அதே வார்த்தை. டாக்டர் பேனாவை மூடினாரு. உங்ககூட யாரு வந்திருக்காங்கன்னு கேட்டாரு. நான் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். அவரு தன் நாற்காலியைத் திருப்பி என் பக்கமாப் போட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறம் பேசினதெல்லாம் என்கிட்டதான், இவங்களுக்கு இப்படி ஆகும், இவங்களைத் தனியா விடாதீங்க, இவங்க கையில அடுப்பு குடுக்காதீங்க. இவங்க இவங்கன்னு அவரு சொல்லச் சொல்ல அம்மா ஒருதரம் அவரையும் ஒருதரம் என்னையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டிருந்துச்சு. பஸ்ஸுல வரும்போது, டாக்டர் என்ன சொன்னாருன்னுச்சு. ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நல்லா இருக்குன்னாரு. ஒண்ணுமில்லாததையா அத்தனை நேரம் உங்கிட்டச் சொன்னாருன்னுச்சு. நான் ஜன்னலுக்கு வெளிய பாத்தேன். அது விடல. காது எனக்கும் இருக்கு. வியாதிக்காரி நீயா நானா. வந்தது நான்தானே, என்கிட்டச் சொன்னா என்ன. அன்னைக்கு முழுசும் அம்மா பேசினதுல அதுதான் கோர்வையாப் பேசினது. அப்புறம் சொந்தக்காரங்களும் அப்படியே ஆயிட்டாங்க, நட்சத்திரம் கேட்டு ஃபோன் பண்ணினவங்க எல்லாம் வீட்டுக்கு வந்து, அம்மா எதிர்ல உக்காந்திருக்கும்போதே என்னைப் பாத்து, சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களான்னு கேட்டாங்க. நானும் பதில் சொன்னேன்.

வெளிய எங்கயோ மயில் அகவுது. இந்தக் காம்பவுண்டுக்குள்ள மயில் ஜாஸ்தி, பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே பாத்தேன், தோகையை இழுத்துக்கிட்டு ரோட்டைக் கடந்துச்சு. மழை வருமோ என்னமோ, நான் ஒண்ணும் கொண்டு வரலியே. குடை. குடைதான். வந்துருச்சு, மகராசி, வந்துருச்சு. மாம்பழம், குடை, செருப்பு. சின்ன வார்த்தை, சொன்னேன்ல, சொல்றதுக்குள்ள முடிஞ்சுரும். மெல்லிசா, நீளமா, மடக்கின குடை மெல்லிசும் நீளமும்தானே. நெஞ்சுக்கூட்டுல இருந்து ஒரு மூட்டையை இறக்கி வச்சாப்புல இருக்கு. மோதிரவிரலை மடக்கி அதுமேல குடையை வச்சுப் பூட்டிட்டேன். ரயில், கதவு, உப்பு, கிளி, சட்டை, ஏணி, விளக்கு, மாம்பழம், குடை, செருப்பு. பத்து. பத்தும் வீடு வந்து சேந்துருச்சு. எவன்டா சொன்னது எனக்கு மறதின்னு. கரண்டியாவது கிரண்டியாவது. தேன்மொழி, நீ தைரியமாப் பெத்துக் குடுடி, உன் புள்ளைக்கு நான் எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, நேரத்துக்குப் பால் குடுத்து, கண்ணை இமை காக்கற மாதிரி பாத்துக்குவேன். இப்ப வரச்சொல்லு அந்தப் பொண்ணை. எங்க போச்சு, டீ குடிக்கப் போயிருச்சா. வா, சீக்கிரம் வா, சூடு ஆறறதுக்குள்ள கேளு.

கதவு திறந்துச்சு. நிலோஃபர் நட்சத்திரத் தாளை வாங்கிப் பாத்துட்டு ஓரமா வச்சுச்சு. தண்ணி வேணுமா மேடம்னுச்சு. வேணாம்மா. அப்புறம், நான் சொன்னேன்ல, அப்படியே, ஒண்ணுமே இல்லாத மாதிரி கவுத்து வச்ச தாளை எடுத்துக்கிட்டு, முதல்ல கொஞ்சம் வார்த்தை சொன்னேனே மேடம், அதுல ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்கன்னுச்சு. எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. ரயில். டிக். கதவு. டிக். உப்பு, கிளி, சட்டை. டிக் டிக் டிக். பேனா தாள்ல உரசற சத்தம் எனக்கு அப்படி இனிக்குது. ஏணி. டிக். விளக்கு. பேனா நின்னுச்சு. நின்னு, கீழ இறங்கி, தாளோட அடியில எதையோ எழுதுச்சு. எழுத்தா எழுதுச்சு. டிக் இல்ல. நான் அது முகத்தைப் பாத்தேன், முகத்துல ஒண்ணுமில்ல, சொல்லுங்க மேடம். மாம்பழம். டிக். குடை. மறுபடியும் பேனா கீழ போச்சு. கு, டை. தலைகீழாப் பாத்தாலும் தெரியுது, எழுதி முடிச்சுட்டு அது கண்ணைத் தூக்குச்சு, அந்த ஒரு நொடியில எனக்குப் பச்சைத் திரை தெரிஞ்சுச்சு, கைப்பையை இறுக்கிப் பிடிச்ச அம்மா தெரிஞ்சுச்சு. என்ன கிழமைம்மா. குடை. உங்க பொண்ணு பேரு என்ன. குடை. செருப்புன்னு என் வாய் சொல்லுச்சு, டிக் விழுந்துச்சு, எனக்குக் காதுல விழல. வேற ஏதாவது இருக்கா மேடம். இல்ல. நல்லா யோசிச்சுப் பாருங்க, அவசரமில்ல. இல்லம்மா. அது பேனாவை மூடிருச்சு. ஒரு நிமிஷம் மேடம், எங்க புரொஃபசர் சாரைப் பாத்துட்டு வந்துர்றேன்னு தாளை எடுத்துக்கிட்டு வெளிய போயிருச்சு. போகும்போது கதவை மெதுவாச் சாத்துச்சு, முதல்ல சாத்தினதைவிட மெதுவா.

குடை எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும். எத்தனை வருஷமா எனக்குள்ள கெடந்திருக்கு அது, அம்மா விட்டுட்டுப் போனது, நான் எடுத்துப் பத்திரமா வச்சிருந்திருக்கேன், அதுக்கு நான் வருத்தப்படல. ஆனா விளக்கு. விளக்கு இல்லையா அந்த வரிசையில. இருந்துச்சே. இடது ஆள்காட்டிவிரல்ல இருந்துச்சே, இத்தனை நேரமும் அதை ஒருதரம் கூட நான் சந்தேகப்படலியே. காணாமப் போனதைத் தேடலாம், காணாமப் போனதே தெரியாட்டி எதைத் தேடறது. எங்க மாறுச்சு, எப்ப மாறுச்சு, அந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு. தெரியல. கையைப் பிசையலாம்னு பாத்தா இடது கை மோதிரவிரல் வலிக்குது, குனிஞ்சு பாத்தேன். முந்தானையில பிரிஞ்சதை அந்த விரல்லதான் அத்தனை நேரமும் சுத்தி இறுக்கியிருக்கேன், விரல் நுனி செவசெவன்னு ரத்தம் கட்டிப் போயிருக்கு. நூல். நூல்தான். மெல்லிசா, நீளமா, சொல்றதுக்குள்ள முடிஞ்சுபோற நூல், அந்த விரல்லயே, கையிலயே இருந்திருக்கு. நூல்னு வாய்விட்டுச் சொன்னேன், சுவத்துல இருக்கிற ஆணியைப் பாத்து.

கதவு திறந்ததும் எழுந்திரிச்சு, நூலும்மா, ஒன்பதாவது நூல்னு சொன்னேன். நிலோஃபர் என் கையைப் பாத்துச்சு, விரல்ல சுத்தியிருந்ததைப் பாத்துச்சு. ஆமா ஆன்ட்டின்னு சொல்லிருச்சு. மேடம் இல்ல, ஆன்ட்டி. நான் உக்காந்தேன். நீலத் தட்டுல என் வாட்ச்சும் ஃபோனும் இருந்துச்சு, அதை என் முன்னாடி வச்சுட்டு, உக்காராம நின்னுக்கிட்டே, சார் ஒரு விஷயம் கேக்கச் சொன்னாரு, உங்ககூட யாராவது வந்திருக்காங்களா ஆன்ட்டி, வீட்டு ஆளு யாராவதுன்னுச்சு. அது எதுக்கு வேணா கேட்டிருக்கலாம். பஸ் ஸ்டாப் தூரம்னு கேட்டிருக்கலாம், ஒரு கையெழுத்துக்குக் கேட்டிருக்கலாம். யாரும் வரலேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணினா சிரிச்சுக்கிட்டே வருவாரு, நாற்காலியை அவரு பக்கம் திருப்பிப் போட்டுக்குவீங்க, நான் கைப்பையைப் பிடிச்சுக்கிட்டு ஒருதரம் உங்களையும் ஒருதரம் அவரையும் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். பயமா இருக்கு. பயம் இல்லேன்னு யாரு சொன்னா, வாட்ச்சோட பட்டை மாட்ட வரமாட்டேங்குது. அதை அப்படியே மேசையில வச்சுட்டு நிமிந்து பாத்தேன்.

"நான்தான்மா வந்திருக்கேன்," அப்படின்னேன். "எதுவா இருந்தாலும் என்கிட்டச் சொல்லு."

நிலோஃபர் கதவுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியைத் தூக்கிட்டு வந்து, என் எதிர்ல போட்டு உக்காந்துச்சு.